பாரம் கூடிய மடிக்கணினி

அல்லைப்பிட்டி எமிலியானுஸின் கையில் அகப்பட்ட எந்தச் சாமானும் முழுதாகச் செத்ததில்லை. உயிர் பிரிந்த பிறகும் அதன் கை ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாக உழைத்துக்கொண்டிருக்கும்.

மச்சான் பஸ்ரியாம்பிள்ளை, அதாவது மனைவி றஞ்சனியின் அண்ணன், இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினிக்கும் அதே கதிதான். ஒரு பகல் முழுக்க மின்சாரம் ஏற்றியும் அது கண் திறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைப் பழுதென்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கண்ணாடி அலுமாரியில் வைத்துக் கும்பிடாத குறைதான். றஞ்சனியும் தொலைபேசியில், "நல்லா வேலை செய்யுது அண்ணை, பிள்ளையள் அதிலைதான் படிக்குதுகள்," என்று சொல்லிவைத்தாள். அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முற்றத்தில் எமிலியானுஸ் அதன் வயிற்றைத் திறந்துவிட்டிருந்தார்.

பற்றறிக்குள் ஆறு உருளைகள் இருந்தன. நாலு நல்லவை, அவை கடலுக்குப் போகும்போது தலையில் கட்டும் லைற்றுக்குப் போயின. விசிறி குசினிக்குப் போய் தேங்காய்ப் பொச்சுமட்டை எரியும் அடுப்பை ஊதியது. உள்ளே கிடந்த காந்தத்தை நூலில் கட்டி, படகின் அடியில் விழுந்த நட்டுகளைத் தூண்டில் போட்டுப் பிடித்தார். மூடியின் பிணைச்சல் கோழிக்கூட்டுக் கதவுக்கு வாய்த்தது. எந்த அளவில் திறந்து விட்டாலும் கதவு அப்படியே நின்றது. ஊரில் வேறெந்தக் கோழிக்கும் அந்த வசதி இல்லை.

இந்த வருடம் கோயில் பெருநாளுக்கு வருவதாக மச்சான் தொலைபேசியில் அறிவித்தார். எமிலியானுஸ் பன்னிரண்டு வருடமாகத் தொழிலுக்குப் போகும் படகு மச்சானின் பெயரில் இருந்தது. அதை இம்முறை எழுதிக் கொடுக்கப் போகிறாராம். எமிலியானுஸுக்கா, மண்டைதீவிலிருக்கும் தன் தம்பிக்கா என்பதை வந்துதான் சொல்வாராம்.

"சாமானைக் கவனமா வைச்சிருக்கிற ஆளுக்குத்தான் குடுப்பன். வந்தவுடனை முதல் அந்த லப்டொப்பைப் பாக்கவேணும்."

தொலைபேசியை வைத்த றஞ்சனி, "இஞ்சேருங்கோ, படகு போச்சு," என்றாள்.

"எங்கை போறது? சாமானெல்லாம் வீட்டிலைதானே கிடக்கு. திரும்பப் பூட்டினால் சரி."

பூட்டினார். கோழிக்கூட்டிலிருந்து பிணைச்சல் வந்தது. அடுப்பிலிருந்து விசிறி சாம்பலோடு வந்தது. ஆனால் உருளைகளும் காந்தமும் தொழிலுக்கு வேண்டியிருந்தன. உள்ளே பாதி இல்லாததால் மடிக்கணினி அப்பளம்போல இலேசாக இருந்தது. எமிலியானுஸ் கடலிலே வளர்ந்தவர். ஒன்று பாரமில்லாமல் மிதக்கப் பார்த்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். வலையில் கட்டும் ஈயக்குண்டுகளில் இரண்டு கைப்பிடி அள்ளி உள்ளே போட்டு மூடினார்.

பெருநாளன்று பஸ்ரியாம்பிள்ளை கதிரையில் இருந்து தேத்தண்ணியில் வாய் வைத்ததும் மடிக்கணினி அவர் மடிக்கு வந்தது. இரண்டு முழங்காலும் ஒருதரம் தாழ்ந்து எழும்பின.

"என்ன மச்சான், பாரம் கூடியிருக்கு?"

"உப்புக்காத்து, மச்சான். இஞ்சை இரும்புச் சாமான் எல்லாம் கொஞ்சம் ஊதும்."

"வேலை செய்யுதோ?"

"சோக்கா."

"மெய்யாவோ?"

"ரண்டு வருசமா ஒரு குறை சொல்லேலாது."

பஸ்ரியாம்பிள்ளையின் முகம் பேயைக் கண்டதுபோல வெளிறியது.

"எப்பிடி ஐசே? நான் தரேக்கையே அது செத்துப்போனதெல்லே. மகன் குப்பையிலை போட வைச்சிருந்தவன். வெறுங்கையோடை வரக் கூச்சமாக் கிடந்தது, துடைச்சுக் கொண்டுவந்தனான். இவள் ஒவ்வொரு கிழமையும் நல்லா வேலை செய்யுதெண்டு சொல்லச் சொல்ல எனக்கு நித்திரை போச்சு. அதுதான் நேரை பாக்க வந்தனான்."

சொல்லிக்கொண்டே அதைப் புரட்டினார். அடித்தட்டு கழன்றது. ஈயக்குண்டுகள் சடசடவென்று கொட்டி, கதிரைக்கடியிலும் அலுமாரிக்கடியிலும் உருண்டோடின. றஞ்சனி குசினிக்குள் மறைந்தாள். யார் முதலில் கோபிப்பதென்று தெரியாமல் மச்சான்மார் இருவரும் ஆளையாள் பார்த்தார்கள்.

"இவ்வளவு ஈயமும் பாரிசிலை போட்டதில்லை," என்றார் பஸ்ரியாம்பிள்ளை கடைசியில்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. எமிலியானுஸ் லைற்றைக் கொண்டுவந்தார், காந்தத்தைக் கொண்டுவந்தார், விசிறியை அடுப்பில் பொருத்தி ஊதிக் காட்டினார். பஸ்ரியாம்பிள்ளை பட்டப்பகலில் லைற்றைத் தலையில் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். கோபம் பாதிச் சுற்றிலேயே தீர்ந்துபோனது.

"படகைத் தந்தால் அதையும் இப்பிடிக் கழட்டுவீரோ?"

"ஓடுற சாமானிலை நான் கை வைக்கிறேல்லை, மச்சான்."

படகு கடைசியில் றஞ்சனியின் பெயருக்கு எழுதப்பட்டது.

"அவளும் பொய்தானே சொன்னவள்," என்று எமிலியானுஸ் முணுமுணுத்தார்.

"அவள் என்ரை முகம் வாடக்கூடாதெண்டு சொன்னவள். நீர் படகுக்காகச் சொன்னனீர்."

மறுநாள் விடிய, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, மனைவியிடம் கேட்டுவிட்டு எமிலியானுஸ் தொழிலுக்குப் புறப்பட்டார்.

"ஓம், கொண்டுபோங்கோ," என்றாள் றஞ்சனி. "மத்தியானத்துக்கு முதல் கொண்டந்து விட்டிடோணும்."