ராத்திரி தோட்டத்துக்கு வருவது யார்?

போன வாரம் மனநல ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளம் டாக்டரம்மா, தொண்டாமுத்தூரில் தனியாளாக வாழைத் தோட்டம் பார்க்கும் என் பெரியப்பா, துணைக்குப் போன நான். என் படபடப்பையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா இறந்துபோனதிலிருந்து, பெரியப்பாவுக்கு மனசு சரியில்லையோ என்று பெங்களூரில் இருக்கும் அவர் மகனுக்குச் சந்தேகம். டாக்டர் ‘தனியாக இருக்கலாம்’ என்றால் தோட்டம். இல்லாவிட்டால் பெங்களூர் ஃப்ளாட், ஒன்பதாவது மாடி!

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பரீட்சை என்றாலே — யாருடையதாக இருந்தாலும் — எனக்கு வியர்க்கும்.

“வெளிநாட்டுல தயாரிச்ச கேள்விங்க ஐயா. ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. கூட வந்தவர் பேசக் கூடாது” என்றார் டாக்டரம்மா.

“ராத்திரியில பயமா இருக்கா?”

“ஆமாங்க.”

“யாரோ வர்ற மாதிரி சத்தம் கேக்குதா?”

“ஆமாங்க.”

“உங்க பொருளை நாசம் பண்றாங்கன்னு தோணுதா?”

“ஆமாங்க, ஆமாங்க!”

பேனா வேகமெடுத்தது. நான் வாயைத் திறந்தேன். “ஷ்ஷ்...” என்றார் டாக்டரம்மா. பெரியப்பாவாவது விளக்கக் கூடாதா? மாட்டார். ‘ஆமாம், இல்லை மட்டும்’ என்றால் அதோடு நிறுத்துவதுதானே எங்கள் ஊர் மரியாதை! ஒன்பதாவது மாடி என் கண்முன் வந்து நின்றது.

கடைசியில் டாக்டரம்மாவுக்கே பொறுக்கவில்லை. “யாருதான் ஐயா வர்றாங்க?”

“யானைங்க, அம்மணி. மலையிலிருந்து எறங்கி வந்து வரப்போர வாழை பூராத்தையும் முறிச்சுப்போட்டுது.”

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா?”

“நீங்க கேக்கலீங்களே!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கேள்வித்தாளை ஓரமாக வைத்தார். “சரி, யானை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்குப் போன் போடுவனுங்க. டார்ச்சோட எல்லாரும் வந்துருவாங்க. அது போனதுக்கப்புறம் விடியற வரைக்கும் டீயும் பேச்சுந்தான். பெங்களூர்ல என்னை ராத்திரி யாருங்க கூப்புடுவாங்க?”

அதற்குப் பிறகு இருவரும் நெடுநேரம் பேசினார்கள். “ஐயா தோட்டத்துலயே இருக்கட்டும்” என்று மகனிடம் போனில் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன், ஆள் எந்த ஊரில் படுத்துத் தூங்குகிறார் என்று கேட்க வேண்டாமா?

கிளம்பும்போது பெரியப்பா சும்மா வரவில்லை. “இவனையும் கொஞ்சம் பாருங்க அம்மணி. ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சுட்டு உக்காந்திருக்கறான்.”

“உங்க வீடு எங்கே சார்?” டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

டவுனுக்குள்ளே இருக்கும் கணபதி என்றேன். அங்கே யானை வராது...