செங்கல்தூள் போட்டுத் தேச்ச பந்து

தேயிலைத் தோட்டத்துத் துரை, கிளப்பு சமையக்காரர் பியதாச, எங்க அப்பா, நான். அன்னைக்கு அந்த வாளியைச் சுத்தி நின்னது நாங்கதான்.

இன்னைக்குக் காலையில மருமக, முட்டை நல்லதான்னு பாக்க உப்புத் தண்ணியில போட்டா. அது மிதந்ததும் நினைப்பு வந்துச்சு.

நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப, இலங்கையில பதுளைப் பக்கம் ஒரு கிளப்புல அப்பா துரைக்கு கோல்ஃப் பை தூக்குவாரு. அப்பாவுக்கு நெஞ்சுல சளி. தேயிலை மலை வேலையவிட அது லேசு. அன்னைக்குத் துரை அடிச்ச பந்து பாதியிலேயே விழுந்துருச்சு. ஒரு பக்கம் கனமோன்னு பாக்க, வாளியில உப்பைக் கரைச்சு பந்தை மிதக்கவிட்டாரு.

"முட்டை அவிஞ்சிருச்சுங்களா, தொர?"ன்னு பியதாச சிரிச்சாரு.

கனமான பக்கம் எப்பவும் கீழ போயிருமாம். துரை நாலு தடவை சுழட்டிவிட்டாரு. ஒவ்வொரு தடவையும் வேற பக்கம் மேல வந்துச்சு. கனத்துல குத்தமில்ல. அப்புறம் பந்தை எடுத்துப் பெருவிரலால தடவினாரு. மேல இருந்த சின்னச் சின்னக் குழியெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. அந்தக் குழி இருந்தாத்தான் பந்து பறக்குமாம்.

"யாரு தேச்சது?"

வெள்ளையாகட்டும்னு பித்தளைச் செம்பு தேக்கிற மாதிரி, வாராவாரம் செங்கல்தூள் போட்டுத் தேச்சது நான்.

"நான்தாங்க, தொர"ன்னாரு அப்பா.

மறுநாள், ஆளுங்களை வேலைக்குப் பிரிச்சு அனுப்புற காலைப் பெரட்டுல அப்பா பேரைக் கூப்பிட்டு, தேயிலை வெட்டுற கவ்வாத்து மலைக்கு அனுப்பிட்டாங்க. எத்தனை பந்தைத் தேச்சேன்னு வீட்டுல அப்பா கேக்கல. நானும் சொல்லல.

நான் தேச்சது பதினோரு பந்து.