ஆமாஞ்சாமியின் கல்லீரல்

எங்கள் சின்னண்ணனுக்கு வீட்டில் ஆமாஞ்சாமி என்று பெயர். வைத்தது பெரியண்ணன்தான். யார் எதைக் கேட்டாலும் சின்னண்ணன் "சரி" என்பார், வாய் ஒழியவில்லையென்றால் தலையை ஆட்டுவார். வாய் ஒழியாததற்குக் காரணமும் உண்டு. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்தும் குஷன் கடையில், பெரியண்ணன் ரெக்சினை அளந்து வெட்டுவார்; சின்னண்ணன் அதைச் சோபாச் சட்டத்தின்மேல் இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பார். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் சின்னச் சின்ன ஆணிகளை உதட்டிடுக்கில் வைத்துக்கொள்வார். அந்த வாயோடு யாரிடம் போய் வாதாடுவது? வீட்டைப் பிரித்தபோதும் காற்றோட்டமான மாடி அண்ணனுக்கு என்றார்கள். தெருப்புழுதியெல்லாம் வந்து விழும் கீழ்ப்பகுதியை இவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நான் கடைக்குட்டி. பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், ஆனால் என் வாய் மட்டும் அந்த வீட்டிலேயேதான் இருக்கிறது.

பெரியண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. குடித்துக் கெடுத்ததல்ல. எப்போதோ ரத்தத்தில் புகுந்த காமாலைக் கிருமி உள்ளேயே தங்கிச் சத்தமில்லாமல் அரித்துவிட்டது. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, மாடிப்படி இறங்க முடியாமல் படுத்துவிட்டார். மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் ஆள் தேறும் என்றார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரே பாதியைக் கொடுக்கலாம், மிச்சம் மறுபடி வளர்ந்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னதும் எல்லோருடைய கண்ணும் ஒரே ஆள்மேல் போய் நின்றது. எனக்குச் சர்க்கரை, போதாக்குறைக்குக் கல்லீரலில் கொழுப்பு. எடுத்த எடுப்பில் தள்ளிவிட்டார்கள். பெரியண்ணிக்கு ரத்த வகை சேரவில்லை. பீடி சிகரெட் தொடாத சின்னண்ணன் மட்டும் குத்துக்கல் மாதிரி இருந்தார். ஒழுங்காக இருந்ததற்காக மாட்டிக்கொண்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். கொடுக்கிறாயா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஸ்கேன் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

சின்னண்ணி ஈரக்குலை நடுங்க உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கொலைகாரி ஆகிவிடுவாள், சொல்லாவிட்டால் தாலி கட்டியவனைக் கத்திக்குக் கொடுத்தவள் ஆகிவிடுவாள். அவளும் என்னதான் செய்வாள், பாவம்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நடைமுறை. கொடுக்க வந்தவரை ஆலோசகர் அம்மா ஒருவர் தனி அறைக்கு அழைத்துப்போய், கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவார். சின்னண்ணனும் உள்ளே போனார். வெளியே வந்து, சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதில் எங்களுக்கு என்ன ஆச்சரியம்?

மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியிலிருந்து கிளைகள் புறப்படுவது வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. மேல்கிளை இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும், அடுத்தது குடலுக்கு என்றார். இவருக்குக் கல்லீரலின் வலது பாதிக்கு வரும் தமனி, குடலுக்குப் போகும் கிளையிலிருந்து முளைத்திருந்தது. அதைக்கூடச் சமாளித்துவிடலாமாம். சிக்கல் சிரையில்தான் இருந்தது. குடலும் இரைப்பையும் மண்ணீரலும் அனுப்பும் ரத்தத்தை ஒரு பெரிய சிரை கல்லீரலுக்குக் கொண்டுவருகிறது. எல்லோருக்கும் அது கல்லீரலின் வாசலிலேயே வலம், இடம் என்று பிரியும். அப்படிப் பிரிந்தால்தான் ஒரு பாதியை வெட்டி எடுக்கலாம். சின்னண்ணனுக்கு அது வாசலில் பிரியவே இல்லை. ஒற்றைக் குழாயாக உள்ளே நுழைந்து, வலது பக்கம் முழுக்கக் கிளைவிட்டு, அப்படியே வளைந்து இடது பக்கம் போய்விட்டது. அதை வெட்டினால் இவர் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி டாக்டர் திரையை அணைத்தார். சின்னண்ணன் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் அழுது தீர்த்திருப்போம். ஆனால் பெரியண்ணிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். கொடுக்க விருப்பமில்லாதவர் அந்தத் தனி அறையில் வாய்விட்டுச் சொன்னால் போதும், ரத்தக்குழாய் பொருந்தவில்லை என்று டாக்டரே வீட்டாரிடம் சொல்லிக் காப்பாற்றிவிடுவார் என்று அந்த மகராசி சொல்லிவைத்திருந்தாள். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பது பொய்யும் இல்லை. சின்னண்ணனிடமும் ஆலோசகர் அம்மா அதையேதான் சொல்லியிருக்கிறார். இவர்தான், வேண்டாம்மா, நான் கொடுக்கிறேன் என்று வந்தவர்.

யார் நம்புகிறார்கள்? மாடியிலிருந்து வரும் டீ நின்றது. பெரியண்ணி படியில் இறங்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்னண்ணன் ஸ்கேன் படத்தை வாங்கிவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாது என்று அவள் போய்விட்டாள். டாக்டரை விட்டே சொல்லவைத்தேன். அவர் வேறென்ன சொல்வார் என்று என்னையே மடக்கினாள். மெய்க்கும் பொய்க்கும் ஒரே வாக்கியத்தை வைத்திருக்கும் இடத்தில் நான் எதைக் கொண்டு நிரூபிப்பது? எனக்கு வயிறெரிந்தது.

கீழே சின்னண்ணிக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. கட்டிய நாளிலிருந்து இல்லாத கவனிப்பு. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, எங்களுக்காக ஒரு தடவையாவது வாயைத் திறந்தீர்களே என்று கண்கலங்கிச் சொல்லியிருக்கிறாள். சின்னண்ணன் கடையை அப்படியே போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"எம் பொண்டாட்டியே நம்பல பாப்பா. அந்தப் படத்துல இருக்கறது என் வயிறுதானே? அதுக்குள்ள நான் என்னத்தப் பண்ண முடியும்?"

அண்ணனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றார். மற்றவர்கள் எப்படியோ போகட்டும், அவர் தப்பாக நினைத்துக்கொண்டு சாகக்கூடாது என்றார். அன்று சாயங்காலம் நான்தான் கூட்டிப்போனேன். பெரியண்ணனின் கால் வீங்கிப் பளபளத்தது. தம்பியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பெரியண்ணியை வெளியே போகச் சொன்னார். இவர் பேசத் தொடங்குவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு எல்லாம் தெரியும்டா. கோவமே இல்ல. பொறந்ததுலேருந்து உன்னைக் கேக்காமலே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். இதையும் குடுத்துருவியோன்னுதான் பயந்துக்கிட்டு கெடந்தேன்."

"இல்லண்ணே, நான் வந்து..."

"எங்கிட்ட மறைக்காத. முடியாதுன்னு நீ சொன்னேன்னு கேட்டதும்தான் எனக்குத் தூக்கமே வந்துது. நீ உன் வாயால சொல்லு. எனக்குப் பயமா இருந்துது, அதான் வேணாம்னுட்டேன்னு சொல்லு."

நான் சின்னண்ணனைப் பார்த்தேன். சொல்லு, உள்ளதைச் சொல்லு என்று அவர் முதுகில் கை வைத்து அழுத்தினேன். அவர் உதடு ஆணி கவ்வியது போல இறுகிக் கிடந்தது. பெரியண்ணனின் மஞ்சள் கண் அவரை விட்டு நகரவில்லை.

"ஆமாண்ணே," என்றார் சின்னண்ணன். "பயமா இருந்துது. அதான் வேணாம்னுட்டேன்."

பெரியண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

படி இறங்கும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இனி ஜென்மத்துக்கும் இதை மாற்ற முடியாதே, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணன் கேட்டாரே பாப்பா," என்றார். "அவருக்குக் குடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு?"