தோற்றவர் கீழே போக வேண்டும்

ஐஸ் ஹாக்கி ஆடும் அந்தப் பனித்தளத்தில் எல்லாரும் அவரைப் 'புள்ளிவிவரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. மேலே ஐஸ் உறைந்து கிடப்பதே அவர் புண்ணியத்தில்தான். அந்த ஐஸ் மீது அவர் ஒரு நாளும் ஸ்கேட் கட்டி நின்றதில்லை. ஒரே ஒரு முறை செருப்போடு குறுக்கே நடந்து, மல்லாந்து விழுந்து, மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு திரிந்தார்.

ஆனால் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டிகளில் யார் எந்த வருடம் எத்தனை கோல் போட்டார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கல்யாண நாள் மறந்துபோகும். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஓர் இறுதியாட்டத்தில் மீசைக்காரக் கோல்கீப்பர் தடுத்த அடிகள் நாற்பத்தொன்று என்பது மறக்காது. யாராவது நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. "நான் கட்டிக்கிட்டது ஒரு பட்டியலை" என்பாள் அவர் மனைவி.

மனைவியின் தம்பி அதே பனித்தளத்தில் ஸ்கேட் கத்திகளுக்குச் சாணை பிடிப்பவன். ஐஸ் ஓரத்தில் இருந்த அவனுடைய சாணை அறைதான் விவாத மேடை. ஐஸை வழித்துச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டும் அக்கா நடுவர். நாட்டுச் சட்டை போட்டு ஆடியவர்களில் எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்பது கேள்வி. உள்ளூர்க் கோப்பைகள் கணக்கில் சேராது. அன்றன்றைய வாதத்தில் தோற்றவர் யார் என்று அக்கா சொல்லிவிடுவாள்; பத்து வருடமாகப் பேசியும் கடைசித் தீர்ப்பு மட்டும் வரவில்லை. வந்துவிட்டால் மத்தியானப் பொழுதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற பயம் மூவருக்குமே இருந்திருக்கலாம்.

மணிக்கு ஒரு தடவை யாராவது பதினாறு படி இறங்கி, இயந்திரத்தின் அழுத்தமானியைப் பார்த்து வந்து, சாணை அறைச் சுவரில் இருந்த கரும்பலகையில் அந்த எண்ணை எழுத வேண்டும். இது புள்ளிவிவரத்தின் வேலை. ஆனால் எட்டு வருடத்துக்கு முன் வாதம் முற்றிய ஒரு நாள், "தோத்தவர் கீழ போகணும்" என்று மைத்துனன் ஒரு விதி போட்டான். விளையாட்டாகப் போட்ட விதி, அதனால்தான் யாரும் அதை மீறவில்லை. மேலாளருக்கு அது தெரியாது.

மேலாளருக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. இயந்திரத்துக்குள் ஓடுவது அமோனியா. கொஞ்சம் மூக்கில் ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும். அதிகமாக ஏறினால் பிடித்த நெஞ்சை விடாது. வாயு கசிந்தால் அலற வேண்டிய சைரன் படிக்கட்டின் உச்சியில் மாட்டியிருந்தது. தரை கழுவும் மருந்து வாசனைக்கெல்லாம் அது அலறி வாதத்தைக் கெடுத்ததால், புள்ளிவிவரம் மகளின் பழைய சாக்ஸ் ஒன்றை அதன் வாயில் திணித்து வைத்தார். புது சைரன் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சாக்ஸ் அங்கேயே குடியேறிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் அணிக்குப் பயிற்சி. பதினாலு பேர். கோல்கீப்பர் அவர் மகள். அவள் களமிறங்குவதைச் சாணை அறையின் சிறு ஜன்னல் வழியாக அவர் பார்த்தார். கை ஆட்டவில்லை, வாதத்தின் நடுவில் இருந்தார்.

"ஒரு கோல்கீப்பர் எப்படி மாமா பெரிய ஆட்டக்காரர் ஆவார்? நின்ன இடத்துலயே நிக்கிறவர்" என்றான் மைத்துனன், கத்தியைச் சாணையில் வைத்தபடி. "என் ஒம்பதாம் நம்பர் சிவப்புச் சட்டை மூணு உலகப் போட்டியில முப்பது கோல்."

"இருபத்தொம்பது. ஒண்ணு எதிராளி மட்டையில பட்டுப் போனது. அதையும் சேத்துக்கிட்டா நீ கடைக்காரன், ரசிகன் இல்ல."

"உங்க மீசைக்காரர் ஆடினதை நீங்க பாத்தீங்களா?"

"நீ உன் ஆளைப் பாத்தியா?"

"நாலு நிமிஷப் படம் இருக்கு."

"அதுல ரெண்டு நிமிஷம் அவர் பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிக்கிறார்டா மச்சான்."

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த அக்கா சிரிக்கவில்லை. "இடது மூலையில ஐஸ் வேர்க்குது தம்பி. டயரு சேத்துல இறங்கின மாதிரி இழுக்குது."

"கதவைத் திறந்து வச்சிருப்பாங்க அக்கா. நீங்க தீர்ப்பைச் சொல்லுங்க."

"காலையிலயும் கதவுன்னுதான் சொன்னே."

தன் ஒன்பதாம் எண்ணுக்காகக் கடைசி அஸ்திரத்தை விடுவதற்கு மைத்துனன் சாணையை நிறுத்தினான். சக்கரம் சுற்றி ஓய்ந்தது. சத்தம் ஓயவில்லை. எங்கோ கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு யாரோ முனகுவது போல அது தொடர்ந்தது. எவ்வளவு நேரமாகக் கேட்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது; காலையிலிருந்து அதைச் சாணைச் சத்தம் என்றே நினைத்திருந்தார்கள்.

புள்ளிவிவரம் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது மணிக்கு இருபத்திரண்டு. பத்துக்கும் இருபத்திரண்டு. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு. அந்த முள் ஒரு நாளும் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றதில்லை. ஓர் ஆட்டக்காரன் ஆறு போட்டியில் ஒரே எண்ணிக்கையில் கோல் போட்டான் என்று யாராவது சொன்னால், ஆதாரம் எங்கே என்று சட்டையைப் பிடித்திருப்பார்.

அதில் பன்னிரண்டும் ஒன்றும் அவர் எழுதியவை. அக்கா தனக்கு எதிராகத் தீர்ப்பு சொன்ன கோபத்தில், நாலு படி இறங்கி நின்று, மனசுக்குள் அக்காவை வைதுவிட்டுத் திரும்பி வந்து, மேலே இருந்த எண்ணையே எழுதியிருந்தார்.

"டேய், பத்து மணிக்கு நீ கீழ போனியா?"

மைத்துனன் கையிலிருந்த கத்தியைத் துடைத்தான். "ஒம்பதுக்கு நீங்கதானே மாமா பாத்து எழுதினீங்க. நீங்க எழுதினா தப்பா இருக்காதேன்னு..."

"பதினொண்ணு? ரெண்டு?"

அவன் துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தான்.

புள்ளிவிவரம் படிக்கட்டுக்கு ஓடினார். இரண்டாம் படியிலேயே கண் எரிந்தது. மூன்றாம் படியில் மூச்சு உள்ளே போக மறுத்தது. இயந்திர அறைக் கதவிடுக்கில் வெள்ளையாக ஏதோ தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. தலைக்கு மேலே, மகளின் சாக்ஸுக்குள் சைரன் முனகிக்கொண்டிருந்தது. அதை இழுத்து எறிந்தார். கட்டடமே அலறியது.

பெண்கள் கரையேறத் தொடங்கினார்கள். முதல் வரிசை பெஞ்சில் ஒருத்தி இருமினாள், பிறகு இன்னொருத்தி. மகள் மட்டும் கோலை விட்டு நகரவில்லை. பயிற்சியாளரின் விசில் வராமல் கோல்கீப்பர் கோலை விட்டு வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பயிற்சியாளரோ வாயைத் துணியால் பொத்திக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். விசில் அவர் கழுத்தில் சும்மா தொங்கியது.

இருபத்திரண்டு வருடத்தில் இரண்டாம் தடவையாகப் புள்ளிவிவரம் ஐஸில் கால் வைத்தார். விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். அப்புறம் எழ முயற்சி செய்யவில்லை, தவழ்ந்தார். ஐஸ் மேலெல்லாம் ஈரம். அவர் அழுதது வாயுவாலா என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

"வெளிய வா."

"விசில் அடிக்கலப்பா."

"நான்தான் விசில். வா."

அவள் ஒரு கையால் அவர் காலரைப் பிடித்து, ஐஸ் மீது மூட்டை போல இழுத்துக்கொண்டே கரைக்கு வந்தாள். இடது மூலையைக் கடக்கும்போது இருவரும் இருமினார்கள். அவளுடைய இருமல் நிற்கவில்லை.

வாகனம் நிறுத்தும் இடத்தில் மைத்துனன் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். மாமாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. புள்ளிவிவரம் விரல் நீட்டி எண்ணினார்.

"பதினாலு. எல்லாரும் இருக்காங்க."

"நீ சொன்னாப் பத்தாது தம்பி" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டுத் தொட்டு அவளே எண்ணினாள். பதினாலுதான். அப்படியும் அவரிடம் சரி என்று சொல்லவில்லை.

ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய பெண் மகளின் நெஞ்சில் காது வைப்பது போலக் குனிந்து கேட்டுவிட்டு, முகமூடியை அவள் மூக்கில் மாட்டினாள். "எவ்வளவு நேரமாக் கசியுது? மணி தெரிஞ்சா நல்லது. எத்தனை மணி நேரம் மூச்சுல போயிருக்குன்னு பாத்துத்தான் மருந்து."

மகள் காலையில் பத்து மணிக்கே வந்து, அந்த இடது மூலைப் பெஞ்சில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் அவரையே பார்த்தன. அப்பாவிடம் எந்த எண்ணும் இல்லாமல் இருக்காது என்று நம்பும் கண்கள்.

"கடைசியாப் பாத்தது ஒம்பது மணிக்கு" என்றார். "அதுக்கப்புறம் யாரும் கீழ போகல."

ஆம்புலன்ஸ் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது. மகளை உள்ளே ஏற்றி, கதவைச் சாத்தினாள்.