சூரியன் களவெடுத்த வலை

நான் பள்ளிக்கூடம் போனதைவிடப் பள்ளிக்கூடம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்ததுதான் கூட. அதனால் இந்தக் கதையில் வரும் விஞ்ஞானத்துக்கு நான் பொறுப்பில்லை.

அப்பா பருத்தித்துறையில் நண்டு வலை போடுகிறவர். வலைக்கு மிதப்புக் கட்டமாட்டார்; கண்டால் கள்ளன் இழுத்துவிடுவானாம். பொழுதுபடும் நேரம் வலையைக் கடலில் தாழ்த்தி, அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்துவிட்டு வருவார். விடிய அதே இடத்தில் கயிற்றில் கட்டிய கொழுவியைப் போட்டு வலையை மாட்டி இழுப்பார். கூடத் தொழிலுக்குப் போகும் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, மட்டும்தான் அந்த இடம் தெரியும்.

ஒருநாள் விடிய இடம் இருந்தது, வலை இல்லை.

“உவன்தான் எடுத்தவன்” என்றார் அப்பா.

“என்ரை தம்பி அப்பிடிச் செய்யான்.”

“அப்ப வலை நீந்திப் போட்டுதோ? இனி அவன் இந்த வளவுக்குள்ளை கால் வைக்கப்படாது!”

அம்மா அடுப்பு மூட்டவில்லை. எங்களுக்குக் கடைப்பாண். சண்டை நீடிக்கட்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன்.

அடுத்தநாள் பின்னேரம் மாமா ஒரு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குசினிக்குள் ஒருக்கால் எட்டி, மூட்டாத அடுப்பைப் பார்த்தார். பிறகு வலையை முற்றத்தில் போட்டார்.

“ஓம் அத்தான், நான்தான் எடுத்தனான்.”

“வலையிலை கட்டின ஈயத்தையும் மாத்திப்போட்டாய், என்ன கள்ளா?” என்ற அப்பா, வலையைச் சுருட்டிக்கொண்டே, “சரி, நாளைக்குத் தொழிலுக்கு வா” என்றார். அன்று எங்கள் வீட்டில் சோறு வெந்தது.

சில நாள் கழித்து, மாமா தொழிலுக்கு வராத ஒரு விடியலில், பதிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கொழுவியில் ஒரு வலை மாட்டியது. அப்பாவின் காணாமல்போன சொந்த வலை!

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஜிபிஎஸ் திருத்துகிறவரிடம் போனார்.

“மிசினிலை பிழையில்லை அண்ணை. சூரியனிலை புயல். அது மேல்காத்தைக் குழப்ப, செய்மதியிலையிருந்து வாற சிக்னல் பிசகிப்போகும். நீங்கள் பதிஞ்ச இடமே பிழை.”

“புயலெண்டால் அங்கை மழையும் பெய்யுமோ?” என்று கேட்டேன். அப்பா என் தலையில் குட்டினார்.

நேரே மாமா வீட்டுக்குப் போனோம். அப்பா படலைக்கு வெளியிலேயே நின்றார். விசயத்தை நான்தான் சொன்னேன்.

“என்ன அத்தான், சூரியனைப் பொலிசிலை குடுப்பமோ?” என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

எடுக்காத வலையை எடுத்தேன் என்று சொல்லி, தன் வலையையும் கொடுத்த மனிசன்! குடும்பத்தில் என்னைவிடப் பெரிய மோடன் ஒருவர் இருக்கிறாரே என்று வழியெல்லாம் எனக்குப் பெரிய சந்தோசம்.