காமாலை என்று சொன்ன வாயால்

ஞாயிறு காலை 9.10. தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் விம்கோ நகருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான் கன்னியப்பன். தலைக்கு இருபது ரூபாய். இருபது ரூபாய்ப் பயணத்துக்கு நான் இப்படிப் பயந்தது இதுதான் முதல் தடவை.

நாங்கள் இருவரும் ஒரே கிடங்கில் வேலை செய்கிறோம். கண்டெய்னரிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிப்பது நான். ஃபோர்க்லிஃப்டில் தூக்கி அடுக்குவது அவன். போன வருடம் எனக்கு டிபி வந்தது. கிடங்கில் மஞ்சள்காமாலை என்று சொல்லி இரண்டு மாதம் லீவு போட்டேன். அங்கே உண்மை தெரிந்தவன் கன்னியப்பன் ஒருவன்தான்.

கண்டுபிடித்ததே அவன்தானே! எங்கள் பக்கத்தில் இருமாதவர் யார்? கொடுங்கையூரில் குப்பை எரிந்தால் இருமல், காற்று திசை மாறினால் இருமல். "புகை ஒத்துக்கல" என்று சொல்லியே நான்கு மாதம் ஓட்டினேன். கிடங்கு ஆட்கள் எல்லோரும் ஏலகிரிக்கு டூர் போனபோது, மலை மேல் நின்று நான் இருமுவதைக் கேட்டுத் திரும்பினான். "இன்னா மாமு, இங்க எந்தக் கம்பெனி பொகை வுடுது?" என்றான். திங்கட்கிழமை என்னைச் சளிப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான்.

ஆறு மாதம் மாத்திரை. கடைசி மாத்திரையை விழுங்கிய சந்தோஷத்தில், "இதை ஒரு பத்துப் பேருக்காவது சொல்லணும்டா" என்று அவனிடம் உளறித் தொலைத்தேன். சும்மா விடுவானா? எண்ணூரில் டிரெய்லர் டிரைவர்கள் கூடும் டீக்கடையில் ஆள் சேர்த்துவிட்டான்.

மெட்ரோவில் ஏசி குளிர். தொண்டையில் ஏதோ கிச்சுகிச்சு மூட்டியது. இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று எச்சிலை விழுங்கிக்கொண்டே வந்தேன். குணமாகி மூன்று மாதம் ஆகிறது. இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். பயம் சர்டிபிகேட் பார்த்தா வருகிறது?

9.40. விம்கோ நகரிலிருந்து ஷேர் ஆட்டோ. எண்ணூருக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், தலைக்கு இருபது. வலப்பக்கம் கடலும் கரையில் கொட்டிய கருங்கற்களும். இடப்பக்கம் டிரெய்லர் வரிசை, முடிவே தெரியவில்லை.

"அந்தக் கடைக்கு நம்ம கிடங்குக்கு வர்ற டிரைவருங்களும் வருவாங்களேடா?"

"வருவானுங்கோ. அதுக்கு இன்னா?"

"முதலாளி காதுக்குப் போச்சுன்னா? கேட்டுலயே நிறுத்திட்டார்னா?"

"மாமு, உன்ன பேசச் சொல்ட்டு நா வூட்ல குந்திக்கினா கீறேன்? கூடத்தான வந்துகினு கீறேன். நீதான சொல்லணும்ன? இப்ப பேஜாரு பண்ணாத."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னா மீட்டிங்கு?" என்றார். இருமலைப் பற்றி என்றேன். "எண்ணூர்ல யாருக்குண்ணா இருமல் இல்ல? காத்து அப்டி" என்றார்.

10.15. டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், கண்ணாடி கிளாஸில். பெஞ்சிலும் கல்லிலுமாகப் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள். உள்ளே கால் வைத்ததும் ஒருவன் எழுந்து சிரித்தான். "வா சார்! காமாலை பூட்ச்சா? கீழாநெல்லி சாப்ட்டியா?"

செல்வம். எங்கள் கிடங்குக்கு வாரம் மூன்று முறை சரக்கு கொண்டுவருகிறவன். நான் லீவில் இருந்தபோது கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக் கொடுத்தனுப்பியவன். எனக்கு உயிரே போய்விட்டது. 'சரியாப் போச்சு செல்வம்' என்று சொல்லிவிட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். கன்னியப்பன் என்னைப் பார்த்தான்.

"அது காமாலை இல்ல செல்வம். டிபி. வெளிய சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் புகை மேல் பழி போடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது. இருமினால்தான் பரவும், கிளாஸால் பரவாது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் இருந்தவர் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த சுற்று டீ வந்தது. எல்லோருக்கும் கிளாஸ். எனக்கு மட்டும் பேப்பர் கப். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். அவமானத்தில் காது சுட்டது. "யோவ், இப்பதான சொன்னாரு!" என்று கன்னியப்பன் எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

செல்வம் தன் கிளாஸைக் குடிக்காமலே கொண்டுபோய் மேடையில் வைத்தான். சரி, இவனும் போகப் போகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணே, எனக்கும் பேப்பர் கப்புல குடு" என்றான். எங்களிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு மாசமா இருமல் கீது சார். பொகைன்னுதான் நெனச்சிக்கினு கீறேன். ராத்திரில காய்ச்சல் வேற."

12.20. திரும்பும் ஆட்டோவில் ஏறிவிட்டோம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொல்லியிருந்த செல்வம், கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றான்.

"டெஸ்டுல இருக்குதுன்னு வந்துட்டா, கிடங்குல இன்னா சார் சொல்றது? காமாலைன்னு சொல்லிடவா?"

கன்னியப்பன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேணாம். காலைல எட்டு மணிக்கு நம்ம கேட்டுக்கு வா. முதல்ல என் கதையை நான் முதலாளிகிட்ட சொல்லிடறேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தண்டையார்பேட்டையில் இறங்கியபோது எண்ணூரில் விட்டுவந்த அதே காற்று, அதே கரிப்பு. எங்கள் தெருவில் நான்காவது வீட்டில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். நேற்றும் இருமினார்கள், புகைதான் என்று தாண்டிப் போயிருந்தேன். நாளை எட்டு மணியை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.