நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை

அந்த ஆபீசில் சேர்ந்த பிறகுதான் எனக்குக் காலாட்டும் பழக்கம் வந்தது. மேஜைக்கு அடியில் வலது கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். "காலை ஆட்டாதம்மா, குடும்பத்துக்கு ஆவாது" என்பார் ஓனர். நிறுத்துவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி ஆடும். குடும்பத்துக்கு ஆகாதது என் கால் இல்லை சார், நீங்கள் கொடுக்கும் சம்பளம்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். அங்கேயே நின்றுவிடும்.

கள்ளக்குறிச்சியில் சேலம் போகும் ரோட்டில், டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்த போர்வெல் ஆபீஸ் அது. நிலத்தில் போர் போட வேண்டியவர்கள் போன் செய்வார்கள். எந்த ஊர், வண்டி போக வழி இருக்கிறதா, நீரோட்டம் இருக்கும் பாயிண்ட் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டு, வண்டி என்றைக்கு வரும் என்று சொல்வது என் வேலை. கல்வராயன் மலையிலிருந்து பேசுபவர்கள் டவர் கிடைக்கும் பாறையாகத் தேடி ஏறி நின்று பேசுவார்கள். பாதிப் பேச்சில் கட் ஆகிவிடும். அவர்கள் மறுபடி கூப்பிடும் வரைக்கும் நான் லைனைக் காலியாக வைத்துக் காத்திருப்பேன். கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "தண்ணி வருமா கண்ணு?" வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. "வரணும்ங்க" என்பேன்.

பார்ட் டைம் வேலை. பத்து மணிக்குப் போனால் இரண்டு மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் சேரும்போது பேச்சு. ஆனால் இரண்டு மணிக்குப் பையை எடுத்தால், "இந்த ஒரு பார்ட்டிகிட்ட மட்டும் பேசிட்டுப் போம்மா" என்பார். அந்த ஒரு பார்ட்டி நாலு மணி வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். சம்பளம் மட்டும் அரை நாளுக்கு. எவ்வளவு என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சொல்லப்போவதில்லை. யாராவது ஆபீசுக்கு வந்தால் ஓனர் என்னைக் காட்டி, "நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி. சும்மா ஒத்தாசைக்கு வந்துகினு இருக்குது" என்பார். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். வீட்டுப் பெண்ணுக்கு எவனாவது சம்பளம் ஏற்றுவானா என்பது எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆனது.

நான் பி.காம் படித்தவள். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. கருணாபுரத்தில் வாடகை வீடு. மாமியாரும் நாத்தனாரும் நானும். என் வேலையில் மாமியாருக்கு ஏகப்பட்ட பெருமை. "எங்க மருமவ நிழல்ல ஒக்காந்து வேலை பாக்குது" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த நிழலே பாதிச் சம்பளம் என்று நானும் நம்பிவிட்டேன். வெயிலில் குனிகிறவர்கள் வாய் திறந்து கேட்கலாம், ஃபேனுக்கு அடியில் உட்கார்கிறவள் கேட்டால் பேராசை என்று நினைத்தேன்.

நாத்தனார் காட்டு வேலைக்குப் போகிறவள். என்னைவிடச் சின்னவள். காலையில் அவள் கிளம்பும் நேரத்தில்தான் நானும் தண்ணீர் பிடிக்கப் போவேன். தெருமுனையில் பத்துப் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டி வரும். "வடக்கனந்தல், களை வெட்டணும், ஏறுங்க ஏறுங்க" என்பார் வண்டிக்காரர். ஒருத்தியும் ஏறமாட்டாள். ஏறுவதற்கு முன்னால் கூலி பேசியாக வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு அவர் கொடுப்பதுதான் கூலி.

"இன்னா குடுப்ப?" என்பாள் நாத்தனார்.

அவர் ஒன்று சொல்வார்.

"கம்மி. இன்னும் ஏத்து."

"போன வாரம் இதே கூலிக்குத்தான வந்தாங்க?"

"அப்ப வந்தவங்களையே கூப்புட்டுக்கோ."

சண்டை கிடையாது. குரல்கூட உயராது. ஒத்துவந்தால் ஏறுவார்கள். ஒத்துவராவிட்டால் வண்டி அடுத்த தெருவுக்குப் போய் வேறு ஆட்களை ஏற்றிக்கொள்ளும். இவர்கள் சின்னசேலம் பக்கம் மரவள்ளிக்கிழங்கு பிடுங்க ஆள் கூப்பிட வரும் வண்டிக்காக நிற்பார்கள். சில நாள் அதுவும் வராது. நாத்தனார் வீட்டுக்குத் திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்து தூக்குவாளிச் சோற்றைத் தின்பாள். கிடைத்ததையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்கு எவ்வளவு திமிர் என்று எனக்குக் கோபம்கூட வரும்.

ஒரு திங்கட்கிழமை சம்பளத்தை ஏற்றிக் கேட்டே விடுவது என்று கிளம்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஓனர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா?" என்றார்.

"லீவு வேணும் சார்." என் வாயிலிருந்து அதுதான் வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எத்தினி நாளு?"

"நாலு நாள்."

"எடுத்துக்கோ" என்றார், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

படியிறங்கும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன். டயர் கடையைத் தாண்டுவதற்குள் அதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றிவிட்டது. நாலு நாள் தவிக்கட்டும். யாருக்கு என்றைக்கு வண்டி என்று தெரியாமல் முழிப்பார்கள், கெஞ்சிக் கூப்பிடுவார்கள், அப்போது சம்பளத்தைப் பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் செல்போன் என் கையை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போகும்போதுகூட மாமியாரிடம் கொடுத்து, ஆபீசிலிருந்து வந்தால் கதவைத் தட்டுங்கள் என்றேன். வரவில்லை. மறுநாள், போன் கெட்டுவிட்டதோ என்று நாத்தனாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நன்றாக அடித்தது. களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "இன்னா அண்ணி, கூண்டுல உட்ட கோழி மாதிரி சுத்திகினு இருக்கீங்க?" என்றாள்.

அதற்கடுத்த நாள் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. என் நாற்காலியில் ஓனரின் மச்சான் உட்கார்ந்து போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே போர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. டிரைவர் அண்ணாந்து ஏதோ கேட்டார். மச்சான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வழி சொன்னார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. நான் இல்லாததால் அங்கே எந்தக் குடியும் முழுகிவிடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தரிக்காய்ப் பையோடு ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.

கடைசி நாள் காலை குடத்தோடு தெருமுனையில் நின்றேன். அன்றும் கூலி ஒத்துவரவில்லை. வண்டி போய்விட்டது. நான் அந்தப் பெண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வராவிட்டால் உன் களை அப்படியே நிற்கும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. அடுத்த தெருவில் ஆள் ஏறும், களையும் வெட்டியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்காகத் தங்கள் கூலியை அவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. நான்தான் என் விலையை ஓனர் வாயால் கேட்கக் காத்துக் கிடந்திருக்கிறேன். அதையும் அவர் கெஞ்சிக்கொண்டு சொல்ல வேண்டுமாம். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். மச்சான் எழுந்து நாற்காலியைக் காலி செய்தார். "வாம்மா, ஊருக்குப் போயிருந்தியா?" என்றார் ஓனர். என் தண்ணீர் பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. கால் பழக்கதோஷத்தில் நாற்காலிப் பக்கம் போயிற்று. உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான் என்று தெரிந்தது. நின்றேன்.

"சார், ஒக்கார்றதுக்கு முன்னாடி சம்பளம் பேசணும்."

அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். தொகையைச் சொன்னேன். இரண்டு மணிக்கு மேல் இருந்தால் அதற்குத் தனி என்றும் சொன்னேன். இந்தத் தடவை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

"இன்னாம்மா இது? வூட்டுப் பொண்ணு மாதிரி வச்சிகினு இருக்கேன். நிழல்ல ஒக்காந்து பாக்குற வேலை. வெளிய கேட்டுப் பாரு, இதுல பாதிக்கு ஆள் வரும்."

"வரும் சார். நாலு நாளு நான் இல்லாமயே ஓடிச்சு, பாத்தேன். ஆனா என் கூலி இதுதான்."

மச்சான் சிரித்தார். ஓனர் சிரிக்கவில்லை. "சரி, யோசிச்சு சொல்றேன். போய் ஒக்காரு" என்றார்.

"யோசிச்சுட்டுக் கூப்புடுங்க சார். வந்து ஒக்கார்றேன்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெளியே நல்ல வெயில். பெருமையாகவெல்லாம் இல்லை, பயமாக இருந்தது. வாடகைக்கு என்ன செய்வது, வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, மாமியார் தெருவில் எப்படித் தலை காட்டுவார் என்று மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேறு வேலை கிடைக்குமா என்று முன்பின் தெரியாத யாரையாவது நிறுத்திக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மலையிலிருந்து கூப்பிடுகிறவர்கள் பார்த்தேயிராத என்னிடம் ஏன் தண்ணி வருமா என்று கேட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டு வாசற்படியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குவாளி.

"இன்னா அண்ணி, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"கூலி ஒத்துவரல. ஏறல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

"வேற வண்டி வருமா?" என்றேன்.

"வரணும்" என்று சொல்லி, தூக்குவாளியை என் பக்கம் தள்ளினாள்.